மூன்று ஜாவின் பிடி

லேத்தில் கனத்த ஜாப்பைப் பிடிக்க யாரும் யோசிப்பதில்லை. முழுக் கம்பியை மூன்று ஜா சக்கில் வைத்து, சக் சாவியைத் தம் கட்டி முறுக்கி, மெஷினை ஓட விட்டுவிடலாம். டர்னரின் கைப்பக்குவம் தெரிவது மெல்லிய வளையம் வரும்போதுதான். உள்விட்டம் 95 மில்லிமீட்டர், சுவர் 5 மில்லிமீட்டர் என்று ஒரு டிராயிங் மேஜைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர் அளவைப் பார்ப்பதற்கு முன்னால் ‘இதை எங்கே பிடிப்பது?’ என்றுதான் பார்ப்பார்.

கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு பக்கத்துச் சந்துகளில் பம்புக்கும் மோட்டாருக்கும் ஜாப் ஒர்க் செய்கிற பட்டறைகள் ஏராளம். அங்கே வளையத்துக்குப் பஞ்சமே கிடையாது. வேரிங் ரிங், பேரிங் உட்காரும் ஹவுசிங், ஸ்பேசர், ஸ்லீவ் என்று பெயர்தான் மாறும். கடைகிறவனுக்கு எல்லாம் வளையம்தான். நான் தொழில் கற்றதும், பின்னால் சொந்தமாக மெஷின் போட்டு உட்கார்ந்ததும் இந்தச் சந்துகளில்தான். வளையத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி, அடுத்தவர்கள் கடைந்து வீணான வளையங்களிலிருந்து வந்தது.

அப்படி ஒரு சமயம், ஒரு பம்ப் கம்பெனியின் குவாலிட்டிக்காரர் டிரே நிறைய வளையங்களோடு வந்தார். வேறொரு பட்டறையில் கடைந்தவை. “போர் டயல்ல எந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாலும் அளவு ஓகேங்க. பிளக் கேஜ் மட்டும் இறங்க மாட்டேங்குது. டயல் தப்பா, கேஜ் தப்பா, நீங்களே சொல்லுங்க” என்றார். கடைந்த பட்டறைக்காரர் டயலைக் காட்டி வாதாடுகிறார். கம்பெனி கேஜைக் காட்டித் திருப்பி அனுப்புகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர் இவர்.

டயலும் தப்பில்லை, கேஜும் தப்பில்லை. வளையத்தின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மூன்று இடத்தில், சரியான இடைவெளியில், ஜா பதிந்த தடம் மங்கலாகத் தெரிந்தது. மூன்று முனை கொண்ட உள் மைக்ரோமீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. அதன் முனைகளை அந்தத் தடங்களுக்கு நேராக வைத்து ஒரு அளவு எடுத்தேன். பிறகு 60 டிகிரி திருப்பி, தடங்களுக்கு நடுவில் இன்னொரு அளவு. முதல் அளவு பெரியது. இரண்டாவது அளவு சிறியது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப இது ஓவலுங்களா?” என்றார். ஓவலாக இருந்தால் அவருடைய போர் டயலே காட்டிக் கொடுத்திருக்கும். இது மூன்று மூலை வைத்த வட்டம்.

நடந்தது இதுதான். சக்கை முறுக்கும்போது ஒவ்வொரு ஜாவுக்கும் நேரே சுவர் உள்ளே அமுங்குகிறது. இரண்டு ஜாவுக்கு நடுவில் வெளியே புடைக்கிறது. போரிங் டூலுக்கு இதெல்லாம் தெரியாது. அது தன் பாட்டுக்குச் சுத்தமான வட்டம் ஒன்றைக் கடைந்துவிடும். அந்த நிலையில் டயல் வைத்தால் ஊசி அசையாது. ஆனால் உள்ளே அமுங்கியிருந்த இடத்தில் உலோகம் கூடுதலாக வெட்டுப்பட்டிருக்கிறது. புடைத்திருந்த இடத்தில் குறைவாக. சக்கைத் தளர்த்தியதும் வெளிவட்டம் பழைய உருவத்துக்குப் போய்விடுகிறது. உள்வட்டம் கெட்டுவிடுகிறது. ஜா இருந்த மூன்று இடத்தில் பள்ளம், நடுவே மூன்று மேடு.

இதில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு பக்கம் பள்ளம் என்றால் அதற்கு நேர் எதிரே மேடு. அதனால் இரண்டு முனை வைத்த எந்தக் கருவியாலும் குறுக்கே அளந்தால், பள்ளமும் மேடும் ஒன்றையொன்று ஈடுகட்டி, எல்லாத் திசையிலும் ஒரே விட்டம் காட்டும். பிளக் கேஜ் முழு வட்டமாக இருப்பதால் அந்த மூன்று மேடும் சேர்ந்து அதைத் தடுத்துவிடும். இதைக் கவனிக்காமல் பேரிங்கை அடித்து ஏற்றினால், பேரிங்கின் மெல்லிய வெளி ரேஸ் ஹவுசிங்கின் உருவத்தையே வாங்கிக்கொள்ளும். பிறகு சத்தம், சூடு, புகார்.

பட்டறையில் மட்டும் நடக்கிற ஏமாற்று இல்லை இது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் சிதறியது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், பூஸ்டர் ராக்கெட்டின் உருளைப் பகுதிகளைத் திரும்பப் பயன்படுத்துவதற்கு முன் எப்படி வட்டம் பார்க்கிறார்கள் என்று விசாரித்தார். சுமார் 12 அடி விட்டமுள்ள அந்த உருளைகளை மூன்று திசையில் விட்டம் அளந்து பார்த்தார்கள். மூன்று விட்டம் சமமாக இருப்பது வட்டத்துக்கு அத்தாட்சி ஆகாது என்று அவர் சுட்டிக்காட்டினார். விபத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது குளிரில் விறைத்துப்போன ரப்பர் ஓ-ரிங்தான்; ஆனாலும் இந்தச் சின்ன விஷயம் அவர் கண்ணில் பட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. லேத்தில் நின்றவர்கள் கவனிக்க வேண்டியதை ஒரு பேராசிரியர் கவனித்திருக்கிறார்.

அந்த டிரே வந்த நாளில் பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். குவாலிட்டிக்காரர் போன பிறகு கேட்டான்: “ஏனுங்ணா, மூணு ஜாவும் ஒரே அளவுல அமுக்குது. கூட்டிப் பாத்தா நிகர விசை சைபருங்க. சைபர் எப்படிங்ணா வளைக்கும்?”

என்னிடம் வந்த பையன்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே போய்விட்டார்கள். கேட்டவன் புத்திசாலி.

“சைபர்தான் கண்ணு. அதனாலதான் ஜாப்பு எங்கயும் போகாம சக்குல நிக்குது. எங்க போகும்னு கேட்டா அந்தக் கணக்கு பதில் சொல்லும். உருவம் மாறுமான்னு கேட்டா, அதுக்கு வேற கணக்கு” என்றேன்.

சாக்பீஸை எடுத்துத் தரையில் வளையம் வரைந்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, ஒரு ஜா மட்டும் இருக்கும் துண்டைக் காட்டினேன். இந்தத் துண்டை அந்த ஜா அமுக்குகிறது. துண்டு நகரவில்லை. அப்படியானால் யார் தடுப்பது? மற்ற இரண்டு ஜாவும் இதைத் தொடவே இல்லை. கோடு போட்ட இரண்டு வெட்டு முகத்திலும் பக்கத்து உலோகம் முட்டுக் கொடுக்கிறது. அமுக்குவதோடு வளைக்கவும் செய்கிறது. கோட்டை எங்கே மாற்றிப் போட்டாலும் இதே கதைதான். மூன்று ஜாவின் விசையும் காற்றில் சந்தித்துக் கழிந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றும் உலோகத்தின் வழியாகப் போய்த்தான் மற்றதைச் சந்திக்கிறது. போகிற வழியில் உள்ள ஒவ்வொரு துணுக்கும் அந்தச் சுமையைத் தாங்கியாக வேண்டும். தாங்குகிற எதுவும் கொஞ்சமாவது உருமாறாமல் தாங்குவதில்லை. இழுப்புக்குத் தக்க நீட்சி என்று ராபர்ட் ஹூக் 1678-லேயே எழுதிவைத்துவிட்டார்.

பையனுக்கு இன்னும் சந்தேகம் முகத்தில் இருந்தது. ஒரு கணக்கு கொடுத்தேன். ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டு உள்ள இரும்புக் கம்பி. இரண்டு முனையையும் எதிரெதிரே ஒரு டன் விசையில் இழுக்கிறோம். நிகர விசை சைபர். கம்பி நகராது, ஆனால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளும். இப்போது அதே ஒரு டன்னை ஒரு முனையில் மட்டும் கொடு, மறுமுனையை விட்டுவிடு, உராய்வும் இல்லை என்று வைத்துக்கொள். நிகர விசை முழுசாக ஒரு டன். கம்பி பாய்ந்து ஓடும். நீட்சி எவ்வளவு? பாதிதான். இழுக்கிற முனையில் முழுச் சுமை, போகப்போகக் குறைந்து, கடைசி முனையில் ஒன்றுமே இல்லை. ஆக, விசை சமப்பட்டிருக்கும்போதுதான் கம்பி அதிகம் நீள்கிறது. இதைச் சொன்னபோது அவன் முகத்தில் வந்த குழப்பம் நல்ல குழப்பம். மறுநாள் நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்றான்.

கம்பியை நேராக இழுத்தால் அரை மில்லிமீட்டருக்கு ஒரு டன் வேண்டியிருக்கிறது. வளையம் அவ்வளவு பிடிவாதக்காரன் இல்லை; அது வளைந்து கொடுக்கும். முன்னே சொன்ன 95 உள்விட்ட வளையத்தையே எடுத்துக்கொள்வோம். சுவர் 5 மில்லிமீட்டர், அகலம் 20, இரும்பு. ஒரு ஜாவுக்கு 200 கிலோ பிடி கொடுத்தால், ஜாவுக்கு நேரே சுவர் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் உள்ளே போகும். நூறு மைக்ரான். டிராயிங்கில் எச்7 என்று போட்டிருந்தால் அந்த அளவுக்கு மொத்தமாகக் கிடைக்கும் சலுகையே 35 மைக்ரான்தான். 200 கிலோ என்பது சக் சாவியைக் கொஞ்சம் மனசு வைத்து முறுக்கினாலே தாண்டிவிடுகிற பிடி. சுவரின் கனத்தைப் பாதியாக்கினால் இந்த அமுங்கல் எட்டு மடங்காகும். விட்டம் இரட்டித்தாலும் எட்டு மடங்கு. அதனால்தான் பெரிய மெல்லிய வளையத்தை ஜாப் ஒர்க்குக்கு வாங்குகிறவர் ரேட் பேசும்போது எடையை வைத்துப் பேசக் கூடாது. பலர் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இனி, எப்படிப் பிடிப்பது? லேசாகப் பிடி என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில். அது ஆபத்தான பதில். ஓடுகிற சக்கிலிருந்து கழன்ற ஜாப் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேகம் கூடக்கூட ஜாக்களே வெளிப்பக்கம் வீசப்பட்டுப் பிடி தளரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடியைக் குறைப்பதை விட, பிடியைப் பரப்புவதுதான் முறை. அதே மொத்தப் பிடியை மூன்றுக்குப் பதில் ஆறு ஜாவில் பகிர்ந்து கொடுத்தால் அமுங்கல் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பாதியாகும் என்று நினைப்பவர்கள் உண்டு; கணக்கு அவ்வளவு தாராளமாக இருக்கிறது. ஆனால் ஆறு ஜா சக்கின் விலை எங்கள் மாதிரிப் பட்டறைகளுக்குத் தாராளமாக இல்லை. எங்களுக்குக் கை கொடுப்பது சாஃப்ட் ஜா.

சாஃப்ட் ஜா என்பது கடினப்படுத்தாத இரும்பில் செய்த ஜா. அதை சக்கிலேயே மாட்டி, ஜாப்பின் வெளிவட்ட அளவுக்கு உள்ளே கடைந்துகொள்ள வேண்டும். இதில் இரண்டு நுணுக்கம். ஒன்று, ஜாவை வெறுமனே விட்டுக் கடையக் கூடாது. உள்ளே ஒரு துண்டையோ வளையத்தையோ கவ்வ வைத்து, சக்கு இறுகிய நிலையில் கடைய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் லூஸ் எல்லாம் ஜாப்பைப் பிடிக்கும்போது வெளியே வரும். இரண்டு, ஜாவில் கடையும் அளவு ஜாப்பின் வெளிவட்டத்துக்கு அச்சாகப் பொருந்த வேண்டும். பெரிதாகிவிட்டால் ஒவ்வொரு ஜாவும் நடுவில் மட்டும் தொடும். மறுபடி மூன்று புள்ளிப் பிடிதான். சிறிதாகிவிட்டால் இரண்டு ஓரத்தில் தொடும், ஆறு புள்ளி. தப்பு செய்வதென்றால் சிறிதாக்கித் தப்பு செய்வது மேல். நல்ல வேலைக்கு ஜாவை அகலமாக, வளையத்தை ஏறக்குறைய முழுக்கத் தழுவுகிற மாதிரி, செய்து வைத்துக்கொள்வோம். வழி இல்லாதபோது ஒரு பக்கம் அறுத்த புஷ்ஷுக்குள் ஜாப்பை வைத்து அதன் மேல் சக்கைப் பிடிப்பதும் உண்டு.

இன்னொரு வழி, பிடிக்கிற திசையையே மாற்றிவிடுவது. வளையத்தைப் படுக்க வைத்து, ஃபேஸ் பிளேட்டில் முகத்தின் மேல் கிளாம்ப் போட்டால் விசை சுவரின் நீளவாட்டில் போகும். அங்கே வளைவதற்கு எதுவும் இல்லை. நேரம் பிடிக்கும், ஆனால் வட்டம் வட்டமாக வரும்.

இதெல்லாம் இல்லாத அவசரத்துக்கு நாங்கள் செய்வது: ரஃப் கட் முழுவதையும் நல்ல பிடியில் எடுத்துவிட்டு, சக்கைத் தளர்த்தி, ஜாப்பை ஆசுவாசப்பட விட்டு, மறுபடி கைப்பிடிக்கு மேல் கொஞ்சம் மட்டும் இறுக்கி, மெல்லிய ஃபினிஷிங் கட் கொடுப்பது. சிஎன்சி மெஷினில் இதற்கு ஹைட்ராலிக் பிரஷரைக் குறைத்தால் போதும். ஆனால் பல பட்டறைகளில் அந்த பிரஷர் கேஜின் முள்ளை மெஷின் வந்த நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கூர்மையான இன்சர்ட்டுக்கும் ஃபீடுக்கும் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் அந்த முள்ளைக் கவனிப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமுக்கினால் என்ன ஆகும் என்று அந்தப் பையன் கேட்டான். உருவம் மாறாது, அளவு மாறும். கன்மெட்டல் புஷ்ஷை ஹவுசிங்கில் அடித்து இறக்கிப் பாருங்கள். சுற்றிலும் சீராகத்தான் நெருக்கப்படுகிறது, உள்விட்டம் சிறுத்துவிடும். அதனால்தான் புஷ் அடித்த பிறகு ரீமர் ஓட்டுகிறோம்.

சர்ஃபேஸ் கிரைண்டரில் இதே கதை வேறு வேஷத்தில் வரும். கொஞ்சம் வளைந்த மெல்லிய பிளேட்டைக் காந்த சக்கின் மேல் வைத்து ஆன் செய்தால், காந்தம் கீழே இழுக்கும், மேஜை மேலே தாங்கும், பிளேட் தட்டையாகிவிடும். கல் ஓட்டி முடித்ததும் கண்ணாடியாகப் பளபளக்கும். காந்தத்தை ஆஃப் செய்ததும் பழைய வளைவுக்கே திரும்பிவிடும். முதலில் பிளேட் மேஜையைத் தொடாத இடங்களில் காகிதமோ ஷிம்மோ சொருகி, இருக்கிற வளைவோடு படுக்க வைத்து ஒரு பக்கத்தை ஓட்ட வேண்டும். அந்தப் பக்கம் நேரானதும் திருப்பிப் போட்டு மறுபக்கம்.

யாருமே பிடிக்காமல், காந்தமும் இல்லாமல், ஜாப் மேஜையில் சும்மா கிடக்கும்போதும் உள்ளுக்குள் இழுபறி நடந்துகொண்டிருக்கும். இழுத்து எடுத்த பிரைட் பாரில் தோலுக்கும் நடுவுக்கும் எப்போதும் ஒரு மல்லுக்கட்டு. இரண்டும் சமமாக இருப்பதால் கம்பி நேராக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கீவே வெட்டினால் மல்லுக்கட்டில் ஒரு கட்சி பலம் இழக்கிறது. கம்பி வில்லாக வளைகிறது. மில்லிங்காரரைத் திட்டிப் பயனில்லை. வார்ப்பில் வந்த லேத் பெட்டுகளை அந்தக் காலத்தில் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டு வைத்துவிட்டுக் கடைசல் செய்ததும் இந்த இழுபறி தணியட்டும் என்றுதான்.

இந்த உருமாற்றத்தை விரோதியாக நினைக்காமல் வேலைக்கு வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இன்ஜின் பிளாக்கை ஹோனிங் செய்யும் நல்ல பட்டறைகளில், சிலிண்டர் ஹெட் உட்காரும் இடத்தில் கனத்த பிளேட் ஒன்றை வைத்து, ஹெட் போல்ட்டை எந்த அளவு முறுக்குவார்களோ அதே அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கிவிடுவார்கள். போல்ட் இழுப்பில் சிலிண்டர் போர் கொஞ்சம் கோணும். கோணிய நிலையிலேயே வட்டமாக ஹோன் செய்வார்கள். பிளேட்டைக் கழற்றினால் போர் கோணலாகத் தெரியும்; ஹெட்டை ஏற்றி முறுக்கியதும் வட்டமாகிவிடும். சக்கில் நமக்கு நஷ்டம் செய்த அதே காரியம் இங்கே லாபம். இன்ஜின் ஓடப்போவது ஹெட்டோடுதான் என்பதால் இது சரி. பேரிங் ஹவுசிங் ஓடப்போவது சக்கோடு அல்ல.

அந்த டிரேயில் இருந்த வளையங்களில் மேடு மட்டும் பிரச்சினையாக இருந்தவற்றை நாங்கள் சாஃப்ட் ஜாவில் பிடித்து லேசாகக் கடைந்து காப்பாற்றினோம். அளவு ஏற்கெனவே மேல் எல்லைக்குப் பக்கத்தில் இருந்தவற்றுக்கு வழியில்லை, எடைக்குப் போயின.

ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் பாடம் எடுக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமநிலை விசைகள் என்ற பாடத்தைப் போர்டில் முடித்துவிடாதீர்கள். பிவிசி பைப்பில் ஒரு விரல் அகலத்துக்கு அறுத்த வளையத்தைப் பையன்கள் கையில் கொடுத்து மூன்று விரலால் அமுக்கச் சொல்லுங்கள். பிறகு லேத்துக்குக் கூட்டிப்போய், மெல்லிய இரும்பு வளையம் ஒன்றை சக்கில் வைத்து, இரண்டு ஜாவுக்கு நடுவில் டயலின் முனையை உள்பக்கமாக வைத்து, சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கச் சொல்லுங்கள். ஊசி நகர்வதை அவர்களே பார்க்கட்டும். டர்னராக வருகிற தம்பிகளே, மெல்லிய ஜாப்பை சக்கில் இருக்கும்போது அளந்து ஓகே போடாதீர்கள். கழற்றி, ஆறவிட்டு, மூன்று முனைக் கருவியாலோ பிளக் கேஜாலோ பாருங்கள்.